கால்வாயில் வந்த நீல நிறம்

பள்ளி வேனில் ஷர்மினிக்கு எப்போதும் ஓர் இடம் இருக்கும். தெருமுனையில் சல்மா முதலில் ஏறுவாள். பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்துக்கொள்வாள். நான்கு வீடு தள்ளி ஷர்மினி ஏறியதும் பையை மடிக்கு எடுத்துக்கொள்வாள். இரண்டாம் ஆண்டிலிருந்து இதுதான் வழக்கம். இப்போது இருவரும் ஐந்தாம் ஆண்டு.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஷர்மினி ஏறியபோது பை இருக்கையிலேயே இருந்தது. சல்மா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஒரு மின்கம்பத்தைத் தவிர பார்க்க ஒன்றுமில்லை.

“சல்மா, பைய எடு.”

“இடம் இல்ல.”

“பைதானே இருக்கு.”

“பைக்கும் உட்கார இடம் வேணும்.”

ஷர்மினி கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. சல்மா ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியும்.

அவர்கள் தெரு ஜார்ஜ்டவுனில், ஜெலுத்தோங் பக்கம் இருந்தது. ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். வீடுகளுக்குப் பின்னால் ஒரு சந்து, சந்தில் ஒரு திறந்த கால்வாய். அந்தக் கால்வாய் தெருமுனையில் சல்மாவின் அத்தா ஷேக் அலாவுதீன் நடத்தும், மீ கோரேங் என்ற வறுத்த நூடுல்ஸ் விற்கும் கடையை ஒட்டித் திரும்பிக் கடலை நோக்கிப் போகும். திரும்பும் இடத்தில் குப்பையைத் தடுக்க இரும்புக் கம்பிகள் பொருத்தியிருந்தார்கள். கொஞ்ச மாதங்களாக அந்தக் கம்பிகளில் வெள்ளை வெள்ளையாகக் கொழுப்புக்கட்டி ஒட்டிக்கொண்டு நாறியது. தீபாவளி நெருங்க நெருங்க நாற்றம் கூடிக்கொண்டே போனது.

அதைப் பொறுக்க முடியாமல் புகார் கொடுத்தவர் வேறு யாருமில்லை. ஷர்மினியின் அம்மா ரமணிதான். எடுத்த வேலையை ரமணி பாதியில் விடமாட்டார். நகராட்சிக்கு நான்கு முறை தொலைபேசியில் பேசினார். ஆறு படங்கள் அனுப்பினார். ஒரு படத்தில் அவர் கட்டைவிரலும் விழுந்திருந்தது.

திங்கட்கிழமை மாலை இக்மல் என்ற அதிகாரி வந்தார். கழிவுநீர் விவகாரங்களைக் கவனிப்பவர். அவர் மலாயில்தான் பேசினார்; தெருவில் எல்லோருக்கும் அது தண்ணீர்பட்ட பாடு.

“நாம் பாத்திரம் கழுவும் தண்ணீரும் கழிவறைத் தண்ணீரும் மண்ணுக்கு அடியில் ஒரு குழாயில் போகின்றன” என்றார் இக்மல். “அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். அங்கே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றுவிடும். சுத்தமான பிறகுதான் அந்தத் தண்ணீர் கடலுக்குப் போகும். ஆனால் இந்தத் திறந்த கால்வாய் மழைத்தண்ணீருக்கு மட்டும். இதில் எதை ஊற்றினாலும் அப்படியே கடலில் போய்ச் சேரும். நடுவில் சுத்தம் செய்ய யாரும் இல்லை. மீன்பிடிக்கிறவர்கள் வலையெல்லாம் கொழுப்பு என்கிறார்கள்.”

அவர் கம்பியில் ஒட்டியிருந்த கொழுப்பைப் பார்த்தார். பிறகு கடையைப் பார்த்தார். எல்லோரும் கடையைப் பார்த்தார்கள்.

“என் கடை பழைய எண்ணெய டிரம்முல சேத்து வைக்கிறேன். வாராவாரம் லாரி வந்து எடுத்துட்டுப் போவுது. ஒரு சொட்டு இங்க ஊத்துனதில்ல” என்றார் அலாவுதீன்.

இக்மல் கத்தவில்லை, மிரட்டவில்லை. “அடுத்த திங்கட்கிழமை மறுபடி வருவேன். அப்போதும் கொழுப்பு வந்துகொண்டிருந்தால் கடையை இரண்டு வாரம் மூடச் சொல்ல வேண்டியிருக்கும்” என்று சொல்லி, கடைத் தூணில் ஓர் இளஞ்சிவப்புத் தாளை ஒட்டிவிட்டுப் போனார்.

“அப்பாடா, இனிமே நாத்தம் போயிடும்” என்றார் ரமணி.

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் பக்கத்தில் நின்ற சல்மாவின் காதில் அது விழுந்துவிட்டது. அதனால்தான் மறுநாள் காலை பைக்கு உட்கார இடம் தேவைப்பட்டது.

புதன்கிழமை மதியம் ஷர்மினி சமையலறைத் தரையில் உட்கார்ந்து அரிசிக்கு நிறம் ஏற்றிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை பள்ளியில் தீபாவளிக் கோலப் போட்டி. பினாங்கில் கோலப் போட்டி என்றால் பெரும்பாலும் வண்ண அரிசிதான். கேக்கில் போடும் சாயத்தைத் தண்ணீரில் கலந்து, அரிசியைப் போட்டுப் பிரட்டி, நாளிதழ்மேல் பரப்பிக் காயவைக்க வேண்டும். அவளும் சல்மாவும் ஒரே குழு. மயில் போடலாம் என்று மூன்று வாரத்துக்கு முன்பே பேசி வைத்திருந்தார்கள். படம் வரைவது சல்மா, அரிசி ஷர்மினி. இப்போது சல்மா பேசுவதே இல்லை. மயில் வருமா என்று கேட்கக்கூட முடியவில்லை.

அடுப்படியில் அம்மா முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். தீபாவளி வந்தால் அவருக்கு ஏகப்பட்ட ஆர்டர். ஓமப்பொடி, அச்சுமுறுக்கு, தேன்குழல் என்று டின் டின்னாகப் போகும். சமையலறை புதியது. போன தீபாவளி முடிந்த கையோடு வீட்டின் பின்பக்கத்தை நீட்டிக் கட்டினார்கள். புது அடுப்பு, புது சிங்க். அம்மாவுக்கு அந்த சிங்க் மேல் தனிப் பெருமை.

நீல அரிசி தயாரானது. கிண்ணத்தில் அடர்நீலத் தண்ணீர் மிஞ்சியிருந்தது.

“அம்மா, இந்த மிச்சத்த எங்க ஊத்த?”

“சிங்க்ல ஊத்து. கொஞ்சம் தள்ளிக்க, நான் வாணலியக் கழுவணும்.”

ஷர்மினி ஊற்றினாள். அம்மா வாணலியில் மிஞ்சிய கருகிய எண்ணெயைச் சாய்த்து, தண்ணீர் கொதிக்கவைக்கும் கெத்திலிலிருந்து வெந்நீரையும் மேலே ஊற்றினார். “சுடுதண்ணி ஊத்துனா எண்ணெயெல்லாம் கரைஞ்சு ஓடிடும்” என்று எப்போதும் சொல்வதைச் சொன்னார். பிறகு, “முனைக்குப் போயி எள்ளு வாங்கிட்டு வா” என்றார்.

மளிகைக் கடை அலாவுதீன் மாமாவின் கடைக்கு எதிரே இருந்தது. ஷர்மினி கால்வாயைத் தாண்டும்போது சும்மா குனிந்து பார்த்தாள்.

தண்ணீர் நீலமாக வந்துகொண்டிருந்தது.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். சாம்பல் நிறத் தண்ணீருக்கு நடுவே நீலம் நெளிந்து வந்தது. கம்பியில் ஒட்டிய வெள்ளைக் கொழுப்பின்மேல் பட்டு, அதையும் நீலமாக்கிவிட்டுக் கடல் பக்கம் போனது.

சிங்க்கில் ஊற்றியது மண்ணுக்கு அடியில் அல்லவா போக வேண்டும்? இங்கே எப்படி வந்தது?

அவள் திரும்பி வீட்டுக்கு ஓடினாள்.

“எள்ளு எங்க?” என்றார் அம்மா.

“மறந்துட்டேன்.”

“எள்ளு வாங்கப் போனவ எள்ள மறந்துட்டியா? வேற என்னத்த நெனச்சுக்கிட்டுப் போன?”

ஷர்மினி மறுபடி போய் எள் வாங்கி வந்தாள். இந்த முறை கால்வாயைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு நடந்தாள்.

அன்று முழுவதும் அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அது நம் நீலமாக இருக்காது. வெள்ளைத் துணிக்கு நீலம் போடுகிறவர்கள் தெருவில் இல்லையா என்ன? யாரோ துணி அலசியிருப்பார்கள். ஆனால் பச்சைச் சாயத்தில் யாரும் துணி அலச மாட்டார்கள். நாளைக்குப் பச்சையை ஊற்றிப் பார்த்துவிட்டால் போயிற்று.

வியாழக்கிழமை மாலை அம்மா குளிக்கப் போனதும் பச்சைச் சாயப் புட்டியை முழுவதும் சிங்க்கில் கவிழ்த்தாள். குழாயைத் திறந்து ஒரு வாளித் தண்ணீர் ஓடவிட்டு மூடினாள். பிறகு தெருமுனைக்கு ஓடினாள். ஓடும்போதே எண்ணத் தொடங்கிவிட்டாள்.

கால்வாய் ஓரத்தில் அலாவுதீன் மாமா முட்டிபோட்டுக் குனிந்திருந்தார். கையில் ஒரு பழைய பிரஷ். கம்பியில் ஒட்டிய கொழுப்பைச் சுரண்டிச் சுரண்டி ஒரு வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“என்னம்மா ஷர்மினி, பசியாறியாச்சா?” என்றார்.

“ஆச்சு மாமா.”

நூற்றிருபது, நூற்று முப்பது. ஒன்றும் வரவில்லை. நூற்றைம்பது. வராது, வரவே வராது என்று அவள் மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள். நூற்று எண்பது. நூற்று எண்பத்து மூன்று.

பச்சைப் பசேலென்று வந்தது.

மாமாவும் பார்த்துவிட்டார். பிரஷை வாளியில் போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “இந்தப் பாரும்மா, இப்ப பச்சையா வருது. யாரு எத ஊத்துறாங்களோ தெரியல. கடைசில அதுக்கும் என்னத்தான் சொல்லுவாங்க.”

ஷர்மினி கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். “போயிட்டு வரேன் மாமா” என்று மட்டும் சொன்னாள்.

அவளால் வீட்டுக்குப் போக முடியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கால்வாய் போகும் வழியிலேயே போனாள். ஐந்து நிமிடத்தில் கடல் வந்துவிட்டது. தூரத்தில் பினாங்குப் பாலம் தெரிந்தது. கால்வாய் கடலில் கலக்கும் இடத்தில் தண்ணீர்மேல் எண்ணெய்ப் படலம் மினுமினுத்தது. சோப்புத் துண்டுகளைப் போல வெள்ளைக் கட்டிகள் படகுகளின் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு மீனவர் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து வலைக் கண்களிலிருந்து கொழுப்பைக் கத்தியால் வழித்துக்கொண்டிருந்தார். வலையின் நீளத்தைப் பார்த்தால் அவர் நாளைக்கும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது. கரையோரம் விரல் நீள மீன்கள் சில செத்து மிதந்தன.

சுடுதண்ணீரில் எண்ணெய் கரைந்து ஓடிவிடும் என்று அம்மா சொல்வார். அது ஓடி எங்கே போகிறது, குளிர்ந்ததும் என்ன ஆகிறது என்று இப்போது ஷர்மினிக்குத் தெரிந்துவிட்டது.

சொன்னால் இளஞ்சிவப்புத் தாள் தங்கள் வீட்டுக்கு வரும். நான்கு முறை புகார் கொடுத்த அம்மாவைத் தெருவே கேலி செய்யும். முறுக்கு ஆர்டர் எல்லாம் என்ன ஆகும்? சொல்லாவிட்டால் திங்கட்கிழமை மாமாவின் கடை மூடப்படும். அதன் பிறகு சல்மாவின் பை நிரந்தரமாக அந்த இருக்கையில்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை கோலப் போட்டியில் இருவரும் ஒரே சதுரத்துக்குள் உட்கார்ந்தார்கள். சல்மா பேசாமல் சுண்ணக்கட்டியால் மயிலை வரைந்தாள். ஷர்மினி பேசாமல் கழுத்தில் நீல அரிசியைத் தூவினாள். தோகைக்கு வந்ததும் சல்மாவுக்கு வாயைத் திறக்க வேண்டியதாகிவிட்டது.

“பச்ச எங்க?”

“லோங்காங்ல ஊத்திட்டேன்.”

சல்மா நிமிர்ந்து பார்த்தாள். பச்சைச் சாயத்தைக் கால்வாயில் ஊற்றுகிற ஒருத்தியோடு எப்படிப் பேசாமல் இருப்பது?

“ஏன்?”

ஷர்மினி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள். “என்கிட்ட செவப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கு. நாளைக்கு உங்க கடை சிங்க்ல ஊத்திப் பாக்கணும்.”

சல்மாவின் முகம் மாறியது. “எங்க அத்தாவ மாட்டிவிடப் பாக்கறியா?”

“இல்ல. எங்க அம்மாவ.”

சல்மா கையிலிருந்த சுண்ணக்கட்டி அப்படியே நின்றது. ஷர்மினி நீலத்தைச் சொன்னாள், பச்சையைச் சொன்னாள், நூற்று எண்பத்து மூன்றைச் சொன்னாள். சொல்லச் சொல்லக் கண்ணில் தண்ணீர் வந்தது. நீல விரலால் துடைத்ததில் கன்னமும் நீலமானது.

“போன தீபாவளிக்கு நாத்தமே இல்லயே” என்றாள் சல்மா யோசனையோடு. “நீங்க பின்னாடி கட்டுனப்புறம்தான் வந்துச்சு.”

இதை ஷர்மினி யோசித்துப் பார்க்கவே இல்லை. அவளுக்கு இன்னும் பயமாகிவிட்டது.

“உங்க கடைத் தண்ணியும் கால்வாய்க்கு வந்தா என்ன பண்றது?” என்று கேட்டாள்.

“வராது” என்றாள் சல்மா. சுண்ணக்கட்டியை உள்ளங்கையில் உருட்டினாள். “வந்தா வந்ததுதான். பாத்துடலாம்.”

டீச்சர் லோகேஸ்வரி வந்து கோலத்தைத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். தோகை முழுக்க மஞ்சள். “இது மயிலா, கோழியா?” என்று கேட்டார்.

“மயில்தான் டீச்சர். பச்சை தீந்துபோச்சு” என்றாள் சல்மா. அவர்களுக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது.

சனிக்கிழமை காலை கடையில் கூட்டம் குறைந்ததும் இருவரும் பின்கட்டுக்குப் போனார்கள். சிவப்புச் சாயத்தைப் பார்த்து அலாவுதீன் மாமா புருவத்தை உயர்த்தினார்.

“என்ன இது, குடிக்கிற சிராப்பா?”

“சோதன அத்தா. யாரையும் ஒண்ணும் கேக்காதீங்க” என்றாள் சல்மா.

சிவப்பு முழுவதும் சிங்க்கில் போனது. இருவரும் கால்வாய் ஓரம் வந்து உட்கார்ந்தார்கள். இந்த முறை இருவரும் சேர்ந்து எண்ணினார்கள். கடை பக்கத்திலேயே இருக்கிறது. வருவதானால் உடனே வந்துவிடும். நூறு ஆனது. இருநூறு ஆனது. சல்மா ஷர்மினியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். முந்நூறு. மேலே ஒரு மைனா வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனது. ஐந்நூறு.

தண்ணீர் சாம்பல் நிறமாகவே போய்க்கொண்டிருந்தது. சிவப்பின் சுவடே இல்லை.

சல்மா பெரிதாக மூச்சுவிட்டாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஐந்து நாளாக அடக்கி வைத்த அழுகை அது. ஷர்மினி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். தோழிக்காக அவளுக்கு நிம்மதியாக இருந்தது. தன்னை நினைத்தால் மட்டும் திக்திக் என்றது.

“இப்ப என்ன பண்ணுவ?” என்று கேட்டாள் சல்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

“அம்மாகிட்ட சொல்லணும்.”

“அடிப்பாங்களா?”

“அடிக்க மாட்டாங்க. ஆனா பேசுவாங்க. மணிக்கணக்கா பேசுவாங்க.”

சொல்வது அவ்வளவு சுலபமாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா முறுக்கை எண்ணி டின்னில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“அம்மா.”

“பதினேழு, பதினெட்டு. என்ன?”

“ஒண்ணுமில்ல.”

“பாரு, எத்தன எண்ணுனேன்னு மறந்துபோச்சு.”

மதியம் மறுபடி போனாள். அம்மா தொலைபேசியில் யாரிடமோ, “அந்த லோங்காங் விஷயமா, நாளைக்கு ஒரு முடிவு தெரிஞ்சிடும்” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஷர்மினி அப்படியே திரும்பிவிட்டாள்.

மாலை நான்கு மணிக்கு அம்மா கெத்திலைத் தூக்கிக்கொண்டு வாணலி பக்கம் வந்தார். ஷர்மினி சிங்க்குக்கு முன்னால் போய் நின்றாள்.

“ஊத்தாதம்மா.”

“என்னாச்சு உனக்கு? தள்ளு, சுடுதண்ணி.”

“ஊத்தாதம்மா. நம்ம சிங்க் தண்ணி லோங்காங்குக்குத்தான் போவுது. அந்தக் கொழுப்பு நம்ம கொழுப்பு. மாமா கடை இல்ல.”

அம்மா கெத்திலை மெதுவாக அடுப்பில் வைத்தார். “யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. நீலத்த ஊத்துனேன், வந்துச்சு. பச்சய ஊத்துனேன், வந்துச்சு. மாமா கடைல செவப்பு ஊத்துனோம், ஐநூறு வரைக்கும் எண்ணுனோம், வரவே இல்ல.” ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

“சும்மா இருலா. குழாய் போட்டவன் ஒழுங்காத்தான் போட்டான். அப்பா பக்கத்துல நின்னு பாத்தாரு” என்றார் அம்மா. குரலில் அவ்வளவு நிச்சயம் இல்லை.

அம்மா அலமாரியிலிருந்து மஞ்சள்தூள் டப்பாவை எடுத்தார். அரை டப்பாவை ஒரு வாளித் தண்ணீரில் கலக்கி சிங்க்கில் ஊற்றினார். நைட்டியில் முறுக்கு மாவோடு செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் விறுவிறுவென்று நடந்தார். ஷர்மினி பின்னாலேயே ஓடினாள்.

இருவரும் கால்வாய் ஓரம் நின்றார்கள். அம்மாவின் உதடுகள் அசைந்தன. அவரும் எண்ணுகிறார் என்று ஷர்மினிக்குப் புரிந்தது. வர வேண்டாம் என்று அம்மா நினைப்பதும் புரிந்தது. வியாழக்கிழமை அவளும் அப்படித்தானே நின்றாள்.

மஞ்சள் வந்தது.

அம்மா மஞ்சள் தண்ணீர் கம்பிகளைத் தாண்டிப் போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். கடைக்குள்ளிருந்து அலாவுதீன் மாமா வெளியே வந்தார். ஒரு வாரத்தில் அவர் இளைத்துப்போயிருந்தார்.

“வா ரமணி. தே குடிக்கிறியா?”

“அண்ணே” என்றார் அம்மா. அவருடைய குரல் இவ்வளவு சின்னதாக ஒலித்து ஷர்மினி கேட்டதே இல்லை. “அந்த எண்ணெ என்னோடதுண்ணே.”

மாமா கால்வாயை எட்டிப் பார்த்தார். “மஞ்சளா வருதே.”

“மஞ்சளும் என்னோடதுதான்.”

மாமா கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு, “ஆறு நாளா நான் சரியா தூங்கல ரமணி” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் கேட்பதற்குக் கஷ்டமாக இருந்தது.

“தெரியும்ண்ணே. நாந்தான் போன் போட்டு போன் போட்டு சொன்னேன். நாளைக்கு அந்த ஆளு வந்ததும் நானே சொல்றேன். நீங்க நிம்மதியா தூங்குங்க.” அம்மா முந்தானை இல்லாத நைட்டியின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாவு முகமெல்லாம் ஒட்டிக்கொண்டது.

மாமா உள்ளே போய்த் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அதை முழுவதும் குடித்தார்.

திங்கட்கிழமை பிற்பகல் இக்மல் வந்தபோது பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் ஷர்மினியும் சல்மாவும் கால்வாய் ஓரம் நின்றார்கள். தெருவில் பாதிப் பேர் கூடியிருந்தார்கள். ரமணி எல்லோருக்கும் முன்னால் போய் நின்று நடந்ததைச் சொன்னார். ஒன்றையும் விடவில்லை.

இக்மல் கையிலிருந்த தாளைப் புரட்டினார். “புகார் கொடுத்தவர் ரமணி என்று இருக்கிறதே.”

“நான்தான்.”

“அப்படியானால் யார்மேல் புகார் என்று எழுதிக்கொள்ள?”

“என்மேலதான்” என்றார் ரமணி.

பின்னால் யாரோ சிரித்தார்கள். ரமணி திரும்பி ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

இக்மல் சோதித்தார். சாலையோரத்து இரும்பு மூடியைத் திறந்துவிட்டு, மாமாவின் சிங்க்கில் தான் கொண்டுவந்த சாயத்தை ஊற்றச் சொன்னார். நிலத்தடிக் குழாயில் அது பளிச்சென்று ஓடியது. பிறகு ரமணி வீட்டின் பின்சந்துக்குப் போய்க் குனிந்து பார்த்தார். புதுச் சமையலறைக்குக் குழாய் போட்டவர், நிலத்தடிக் குழாய்வரை தோண்டச் சோம்பல்பட்டு, கூரைத் தண்ணீர் கால்வாய்க்கு இறங்கும் குழாயிலேயே சிங்க்கையும் இணைத்திருந்தார்.

“குழாயை மாற்றும்வரை இந்த சிங்க்கில் ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது” என்றார் இக்மல். “மாற்றிய பிறகும் எண்ணெயை ஊற்றாதீர்கள். நிலத்தடிக் குழாயிலும் அது உறைந்து அடைத்துக்கொள்ளும்.”

பிறகு அவர் கடைத் தூணிலிருந்து இளஞ்சிவப்புத் தாளைக் கிழித்தார். மாமாவிடம் கைகொடுத்து, “மன்னிக்க வேண்டும்” என்றார். போகும்போது ஷர்மினியிடம் நின்று, “இவ்வளவு சாயம் எங்கிருந்து கிடைத்தது?” என்று கேட்டார்.

“மயில்கிட்டேருந்து” என்றாள் சல்மா. இக்மலுக்கு ஒன்றும் புரியவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஆனால் குழாய்க்காரர் வியாழக்கிழமைதான் வருவார். முறுக்கு ஆர்டரோ நிற்காது. அந்த மூன்று நாளும் அம்மா மிஞ்சிய எண்ணெயைத் தூக்குச்சட்டியில் கொண்டுபோய் மாமாவின் டிரம்மில் ஊற்றினார். வாணலியைப் பழைய நாளிதழால் துடைத்து, அதைக் கையில் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை நடந்து, மீ கோரேங் கடை சிங்க்கில் கழுவினார். முதல் நாள் தெருவில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாம் நாள் அது பழகிவிட்டது. கடைக்கு வந்தவர்கள் முறுக்கு கேட்டார்கள்.

“இது மீ கோரேங் கடையா, பலகாரக் கடையா?” என்று மாமா சலித்துக்கொண்டார். சலித்துக்கொண்டே இரண்டு டின் ஆர்டர் எழுதிக்கொண்டார்.

வேனில் சல்மாவின் பை மறுபடி மடிக்குப் போய்விட்டது.

வியாழக்கிழமை மாலை குழாய்க்காரர் வேலையை முடித்துவிட்டுப் போனார். ஷர்மினியிடம் கடைசியாக ஊதாச் சாயம் மட்டும் மிஞ்சியிருந்தது. அம்மா அதை வாங்கித் தானே சிங்க்கில் ஊற்றினார். தோழிகள் இருவரும் தெருமுனைக்கு ஓடினார்கள்.

கம்பிகளை மாமா பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார். இருவரும் கால்வாய் ஓரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணத் தொடங்கினார்கள். நூறு. நூற்றைம்பது. நூற்று எண்பத்து மூன்று. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். நூற்று எண்பத்து நான்கு. இருநூறு. முந்நூறு. ஐந்நூறு.

ஊதா வரவில்லை. தண்ணீர் மெல்லக் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

நான்காவது வீட்டு வாசலில் அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

“வந்துச்சா?”

“வரலம்மா.”

“ஐநூறு ஆச்சா?”

“ஆச்சும்மா.”

அம்மா கொஞ்சம் யோசித்தார். “எதுக்கும் இன்னொரு நூறு எண்ணுங்க” என்றார்.

ஷர்மினியும் சல்மாவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு, ஐந்நூற்று ஒன்றிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினார்கள்.